கஞ்சி குடித்த சுவர்

வெயில் அடித்தது. அற்புதசாமிக்குப் பகீரென்றது.

ஐப்பசி மழை ஓயாமல் கொட்டியதில், பாலக்கரையில் அவர் குடியிருந்த வாடகை வீட்டின் கூடத்துச் சுவர் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் அமலராணியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனுக்குக் கைலாசபுரம் ஃபாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு. இப்படி ஒரு வரன் சல்லடை போட்டுத் தேடினாலும் அகப்படாது. அற்புதசாமிக்கு அலைச்சல் வைக்காமல் மைத்துனர் தைரியராஜே ஆறேழு தடவை நடையாய் நடந்து பேசி முடித்த இடம்.

அதற்குள் சுவருக்கு வெள்ளையடித்தாக வேண்டும். அற்புதசாமி பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய் வீட்டுக்காரர் ரெங்கராஜிடம் முறையிட்டார்.

"கிறிஸ்துமஸுக்குத்தானே அடிக்கிற வழக்கம்? சரி, ஆளை அனுப்புறேன். அவர் பார்த்துட்டு மோசம்னு சொன்னா இப்பவே அடிச்சுத் தரேன்" என்றார் அவர்.

ஆள் வருவதற்குள் இந்தப் பாழாய்ப்போன வெயில் வந்துவிட்டது. பூஞ்சணம் வெளிறி, யாரோ எண்ணெய்த் தலையோடு சாய்ந்த கறை மாதிரி ஆகிவிட்டது.

அற்புதசாமி கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாட்சி இல்லாத கேஸ் என்ன கதி ஆகும் என்று தினமும் டைப் அடிக்கிறவர்.

"ரோசரி, வடிச்ச கஞ்சி இருக்கா?"

"இருக்கு. உப்புப் போட்டுத் தரவா?" என்றாள் மனைவி.

"உப்பு வேண்டாம். சுவருக்கு."

ரோசரி அவரைப் பார்த்தாள். கஞ்சியைக் கொடுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேள்வி கேட்டுப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கஞ்சி குடித்த சுவருக்கு உயிர் வந்தது. ஆனால் அற்புதசாமிக்குத் திருப்தி வரவில்லை. ஜன்னல்களை அடைத்தார். ஈரச் சாக்குகளைச் சுவரில் தொங்கவிட்டார். இப்போது பூஞ்சணம் கூரைக்கு ஏறியது. இருதய ஆண்டவர் படத்தின் கண்ணாடிக்குள் புகுந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டுவதற்காக டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த அமலராணியின் பட்டுப்புடவையையும் விடவில்லை. புடவையை விரித்துப் பார்த்த ரோசரி அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நீங்க வளர்க்கிறது பொண்ணையா, பூஞ்சணத்தையா?"

"கொஞ்சம் பொறு. ஆள் வந்து பார்க்கட்டும், எல்லாம் வெள்ளை வெளேர்னு ஆயிடும்."

வெள்ளிக்கிழமை காலை ரோசரி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வாசலில் குடையும் தோல் பையுமாக ஒரு பெரியவர் நின்றார்.

"அற்புதசாமி சார் வீடு..."

"இதேதாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டே இருக்கேன். உள்ள வாங்க."

கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கூடத்துக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். பெரியவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"நான் எதுக்கு வந்தேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். கண்ணால பாருங்க, போதும்."

பெட்டியைத் திறந்து புடவையைக் காட்டினார். பெரியவர் முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் இவர் ரெங்கராஜிடம் போய் அழுத்திச் சொல்ல வேண்டுமே. அற்புதசாமி குரலைத் தாழ்த்தினார்.

"வெளியில சொல்லிக்கிறதில்லைங்க. இந்தச் சுவரால என் பொண்ணுக்கு ராத்திரி பூரா இருமல். நெஞ்சுல கோளாறு இருக்குமோன்னு டாக்டரே சந்தேகப்படுறார்."

டாக்டர் பக்கமே அவர்கள் போனதில்லை. ஆனால் ஜன்னல் அடைத்த சமையலறைப் புகையில் அமலராணி அந்த நேரம் பார்த்து லொக்கு லொக்கென்று இருமினாள்.

"கேட்டீங்களா?" என்றார் அற்புதசாமி பெருமையோடு.

பெரியவர் இரண்டடி பின்வாங்கினார். "பொண்ணைக் கவனிச்சுக்குங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

"காப்பி சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"இல்லீங்க, வேண்டாங்க."

"பார்த்ததை அப்படியே சொல்லிடணும்."

"சொல்லாம எப்படிங்க? கண்டிப்பாச் சொல்லிடுறேன்."

குடையைக்கூட விரிக்காமல் அவர் வெயிலில் விறுவிறுவென்று நடந்தார். கேஸ் ஜெயித்த சந்தோஷத்தில் அற்புதசாமி ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, சாக்குகளைக் கழற்றிக் கொல்லையில் எறிந்தார். பூஞ்சணத்தை ஒரு தடவை தட்டிக்கூடக் கொடுத்தார்.

வாசலில் மறுபடி ஆள் அரவம் கேட்டது. சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக ஒருவர் நின்றார்.

"வீரமலைங்க. ஸ்ரீரங்கத்திலேர்ந்து ரெங்கராஜ் ஐயா அனுப்பினாரு. தெருமுனையில ஒரு பெரியவர்கிட்ட உங்க வீட்டுக்கு வழி கேட்டேன். கைலாசபுரத்துக்காரராம். 'ஞாயித்துக்கிழமை அங்கதான் என் பையனைக் கூட்டிட்டு வர்றதா இருந்தேன், ஆண்டவர் காப்பாத்திட்டார்'னு சொல்லிச் சிலுவை போட்டுக்கிட்டுப் போறாருங்க."