செம்பூரில் ஒரு கான்பூர்

தோல் வாங்கக் கான்பூருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய வேல்ராஜ், உள்ளூரிலேயே செம்பூரில் ஒரு மூன்றாவது மாடி ஃபிளாட்டில், திரை போட்ட ஜன்னலுக்குப் பின்னால், வீங்கிய கண்கள்மேல் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கீழே தெருவில் பழைய சாமான்காரன் கத்தினான்.

"பங்காஆஆர்வாலே!"

அரை நொடி கழித்து அதே குரல் போனுக்குள்ளிருந்தும் வந்தது. எதிரே இருந்த பூங்காவில்தான் அவர் மனைவி கோகிலவாணி நின்றிருந்தாள்.

"ஏங்க, அங்கயும் பங்கார்வாலா கத்துதானா?"

"பழைய சாமான் எல்லா ஊர்லயும் இருக்கும்லா? கான்பூர்க்காரன் மட்டும் புதுசாவே வச்சிருப்பானா?"

"அதே தொண்டை மாதிரில்லா இருக்கு."

"அது தொழில் தொண்டை. எல்லாவனுக்கும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

"சரி, வீடியோல வாங்க. ஒங்கள பாத்து மூணு நாளாச்சு."

"நெட்வொர்க் இல்லளா" என்று சொல்லிப் போனை வைத்தார். வீடியோவில் வருகிற முகமா அது? தோலுரித்த பீட்ரூட்டில் இரண்டு கத்திரிக்காயைப் பதித்த மாதிரி இருந்தது.

வேல்ராஜுக்கு ஐம்பத்து மூன்று வயது. தாராவியில் தோல் பை செய்யும் பட்டறை வைத்திருந்தார். பிறந்ததிலிருந்தே அவருடைய மேல் இமைகள் பாதி இறக்கிய கடை ஷட்டர் போலத்தான் இருக்கும். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை தூங்கிக்கொண்டே தாலி கட்டுவதாகச் சொந்தக்காரர்கள் சிரித்திருக்கிறார்கள். அவர் அதையெல்லாம் கண்டுகொண்டதில்லை. ஹரி என்று ஒருவன் பூங்காவில் நடக்க ஆரம்பிக்கும் வரை.

கோகிலவாணி தினமும் காலையில் ஒரு பெண்கள் கூட்டத்தோடு நடக்கப் போவாள். நான்கு மாதமாக வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் ஹரி புராணம்தான். ஹரி சாருக்கு ஐம்பத்தைந்தாம், பார்த்தால் நாற்பதுகூடச் சொல்ல முடியாதாம். ஹரி சார் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாதாம். ஹரி சார் கண்ணு எப்போதும் பளிச்சென்று இருக்குமாம்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் வேல்ராஜைக் குத்தியது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள், பட்டறைக் கூட்டாளி சலாவுதீனை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனார். மேல் இமையில் தொங்கிய தோலை வெட்டித் தைத்தார்கள். அதே மயக்கத்தில் முகம் முழுக்க லேசரும் போட்டார்கள்.

"மேல்தோலச் சீவி எடுத்துட்டு உள்தோல மினுக்குறதுக்கு நம்ம தொழில்ல பஃபிங்னுதாம்ல பேரு" என்றான் சலாவுதீன். "பட்டறையில சொல்லியிருந்தா பசங்களே போட்டு வுட்டிருப்பானுக."

சலாவுதீனின் காலி ஃபிளாட் ஒன்று செம்பூரில் இருந்தது. மறைந்திருந்து குணமாக அதைவிடத் தோதான இடம் இல்லை என்றுதான் வேல்ராஜ் நினைத்தார். ஜன்னலைத் திறந்தால் பூங்கா என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் போட்ட விதிகள் ஏராளம். இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுக்க வேண்டும். குனியக் கூடாது. வெயிலில் தலை காட்டக் கூடாது. வினிகர் கலந்த தண்ணீரில் துணி நனைத்து முகத்தில் ஒற்ற வேண்டும், அதன்மேல் களிம்பை அப்ப வேண்டும். இதனால் வேல்ராஜ்மேல் எந்நேரமும் ஊறுகாய் வாடை வீசியது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோபப்படக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறினால் வீக்கமும் ஏறும்.

கோபப்படாமல் எப்படி இருப்பது? காலை ஏழு மணிக்குத் திரையை ஒரு விரல்கடை விலக்கினால், நீல டி-ஷர்ட்டில் ஹரி வருவான். பெண்கள் பத்துப் பேர் அவனைச் சுற்றி நடப்பார்கள். அதில் ஒருத்தி கோகிலவாணி. ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் அவன் ஏதோ சொல்ல, அவள் நின்று, குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இருபத்தைந்து வருஷத்தில் தன்னிடம் அவள் அப்படிச் சிரித்திருக்கிறாளா என்று வேல்ராஜ் யோசித்துப் பார்த்தார். ஒரே ஒரு முறை சிரித்திருக்கிறாள். அவர் வழுக்கிச் சாக்கடையில் விழுந்தபோது.

மத்தியானத்துக்குள் இடது கண் முழுசாக மூடிக்கொண்டது.

"நீ போயிப் பாரு" என்று சலாவுதீனை விரட்டினார். "அவ எதுக்கு அவங்கூட அப்படிச் சிரிக்கான்னு தெரிஞ்சுட்டு வா. அப்படியே எனக்குக் கான்பூர்ல கண்ணு வலின்னு சொல்லிரு. வீடியோ தொல்லையாவது வுடும்."

சலாவுதீன் மறுநாள் காலை பூங்காவுக்குப் போனான். அரை மணியில் வர வேண்டியவன் ஒன்றரை மணி நேரம் கழித்து, வேர்வை வழிய, முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"தங்கமான மனுசன்ல அவரு."

"எவரு?"

"ஹரி பாய்தான். எப்படி மூச்சு வுடணும், எம்புட்டுத் தண்ணி குடிக்கணும், எல்லாம் சொல்லித் தாராரு. நாளையிலேர்ந்து நானும் போலாம்னு இருக்கேன்."

"ஒன்ன உளவு பாக்க அனுப்பினா, கட்சி மாறிட்டு வந்து நிக்கியே! அவகிட்ட கண்ணு வலின்னு சொன்னியா?"

"சொன்னேன். அதுல ஒரு சின்ன சிக்கல்." சலாவுதீன் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான். "தெரியாத ஊர்ல கண்ணு தெரியாம ஒத்தையில கெடக்காகளேன்னு தங்கச்சி அழுதுட்டு. நாளைக்கே கான்பூருக்குக் கெளம்புது."

வேல்ராஜ் எழுந்து உட்கார்ந்தார். பட்டாணிப் பொட்டலம் மடியில் விழுந்தது.

"டிக்கெட்டு?"

"அந்தானைக்கே, நின்ன எடத்துலயே, ஹரி பாய் போன்ல போட்டுட்டாரு. காலையில பூங்கால இருந்தே தன் கார்ல குர்லா டெர்மினஸுக்குக் கூட்டிட்டுப் போறாராம். தங்கமான மனுசன்னு சும்மாவா சொன்னேன்?"

மறுநாள், அதாவது ஆறாம் நாள், வீக்கம் கொஞ்சம் வடிந்து கண்கள் திறந்திருந்தன, தோல் உரிய ஆரம்பித்திருந்தது. வேல்ராஜ் திரையை விலக்கினார். கோகிலவாணி ஒரு பையோடு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஹரி. அவன் தன் கண்ணோரத்தை விரலால் தொட்டு ஏதோ காட்ட, அவள் ஒரு சாண் தூரத்தில் குனிந்து அவன் கண்ணையே பார்த்தாள்.

அதற்குமேல் டாக்டராவது விதியாவது. வெளியே போனால் வெயில் படக் கூடாது, முகமும் தெரியக் கூடாது. கதவோரம் சலாவுதீனின் ஹெல்மெட் தொங்கியது. அதைக் களிம்பு வழிகிற முகத்தில் மாட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டு, படியிறங்கி ஓடினார்.

பூங்காவுக்குள் நுழைந்த மாத்திரத்தில் ஹெல்மெட்டுக்குள் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. அதற்குள் கோகிலவாணி பையோடு எழுந்து பெண்களோடு நடக்க ஆரம்பித்திருந்தாள். குரலை வைத்து அவள் பின்னால் போனார். அவர் நெருங்க நெருங்க, பெண்கள் வேகமாக நடந்தார்கள். பெண்கள் வேகமாக நடக்க, அவரும் வேகமாக நடந்தார். இரண்டாவது சுற்றில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"சோர்! சோர்! செயின் அறுக்க வந்திருக்கான்!"

வாட்ச்மேன் பூதத்தான் கம்போடு பாய்ந்து வந்து பின்கழுத்தைப் பிடித்தான். ஹெல்மெட்டை உருவியபோது கன்னத் தோலும் கொஞ்சம் அதோடு போனது. உள்ளே இருந்ததைப் பார்த்து இரண்டு பெண்கள் அலறினார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கோகிலா, நான்தாம்ளா! ஒம் புருசன்!"

கோகிலவாணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எம் புருசன் கான்பூர்ல இருக்காரு. அவரு கண்ணு இம்புட்டுத் தொறந்து நான் பாத்ததே கெடையாது. இவம்மேல ஊறுகாய் நாத்தம்லா அடிக்கி!"

"என் போனப் பாரு, நம்புவ!" வேல்ராஜ் போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். பழகிய போன், அந்த முகத்தைப் பார்த்ததும் திறக்க மறுத்துவிட்டது. நம்பரைத் தட்டலாம் என்றால் களிம்பில் விரல் வழுக்கியது.

"பாத்தீங்களா? களவாண்ட போனு" என்றான் பூதத்தான்.

கோகிலவாணி சந்தேகத்தோடு தன் போனில் புருஷனைக் கூப்பிட்டாள். வேல்ராஜின் கையில் இருந்த போன் அடித்தது. அப்பாடா என்று அவர் மூச்சு விடுவதற்குள் அவள் ஓவென்று கத்தினாள்.

"பாவி! அவரு போனு ஒங்கிட்ட எப்படி வந்துச்சு? எம் புருசன என்னலே செஞ்ச?"

பையால் அடித்தாள். கண் தெரியாத புருஷனுக்காக உள்ளே கட்டி வைத்திருந்த இட்லிப் பாத்திரம் அவர் தோளில் சரியாக இறங்கியது. கூட்டமும் கை ஓங்கியபோதுதான், மூன்றாம் சுற்று முடித்து மூச்சிரைக்க வந்த சலாவுதீன் குறுக்கே விழுந்தான்.

"அடிக்காதீங்க! அது வேலுதான்! ஆப்ரேசன் பண்ணின மூஞ்சி, பாத்து அடிங்க!"

சத்தம் அடங்கியது. கோகிலவாணி பையைக் கீழே போட்டாள். ஹரிதான் முதலில் பக்கத்தில் வந்தான். தன் தொப்பியைக் கழற்றி வேல்ராஜின் முகத்துக்கு நிழல் பிடித்தான்.

"மேல் இமை, கூட லேசர். ஆறாம் நாளா, சார்? வெயில்ல வரலாமா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஹரி காதோரம் குனிந்தான். "எனக்கும் இதே வேலைதான் பண்ணியிருக்கு. வயசு ஐம்பத்தஞ்சு இல்ல சார், அறுபத்து மூணு. லேடீஸ்கிட்ட சொல்லிடாதீங்க."

நான்கு மாதமாக வேல்ராஜின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அப்போதே இறங்கிப் போனது. இவனும் தைத்து மினுக்கிய சரக்குதானா!

வீட்டுக்குப் போன பிறகு கோகிலவாணி வினிகர் துணியால் முகத்தை ஒற்றிக்கொண்டே திட்டினாள்.

"அந்தத் தூங்குமூஞ்சிக் கண்ணத்தான இருவத்தஞ்சு வருசமாப் பாத்துட்டு இருக்கேன்? அதுக்கு என்ன கொறைச்சல்? யாரு கேட்டா இதை?"

"நீதான நித்தமும் ஹரி கண்ணு, ஹரி கண்ணுன்னு..."

"அப்படிச் சொன்னாலாவது ரோசம் வந்து எங்கூட ஒரு நா நடக்க வருவியளான்னு பாத்தேன். நீங்க என்னன்னா கான்பூருக்குப் போறிய!"

வேல்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதத்தில் சிவப்பு வடிந்தது. கண்கள் இரண்டும் விரியத் திறந்தன. முகம் புதுப் பை மாதிரி மினுங்கியது. மனைவியோடு தினமும் நடக்கப் போனார். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, "பாய்சாப், முகத்துக்கு என்ன போடுறீங்க?" என்று விசாரித்தார்கள். அவர் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். இப்போது கோகிலவாணிக்குத்தான் காலை இட்லி இறங்கவில்லை.

"அந்தக் கிளாராகிட்ட என்ன அம்புட்டு நேரம் பேச்சு?"

"தண்ணி எம்புட்டுக் குடிக்கணும்னு கேட்டாவ."

"அவ வீட்ல கொழாய் இல்லியாமா?"

கடைசித் தடவையாக டாக்டரிடம் காட்டப் போனபோது அவளும் கூடவே வந்தாள், காவலுக்கு. கிளினிக்கின் முன்னறையில் கறுப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் போட்ட ஆண்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் இவர்களைக் கண்டதும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

"கணேசபாண்டியன் அண்ணாச்சி?" என்றாள் கோகிலவாணி. அவளோடு நடக்கும் விஜயலட்சுமியின் புருஷன் அவர். "நீங்க கோயம்புத்தூர் போயிருக்கிறதா அக்கா சொன்னாவளே?"

"கோயம்புத்தூர்ல இருந்துதான் வாரேன்" என்று முனகினார் கணேசபாண்டியன். பிறகு அடக்க மாட்டாமல் வேல்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன செய்ய தம்பி? வீட்ல விடிஞ்சா அடைஞ்சா அந்த ஹரி பேச்சுத்தான்."

ஹரி என்ற பெயரைக் கேட்டதும் மற்ற நான்கு கறுப்புக் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

வேல்ராஜ் மெதுவாக ரிசப்ஷன் மேஜைக்குப் போனார். அங்கே இருந்த வந்தனா மராத்திப் பெண். தாராவியில் தமிழர் சந்தில் வளர்ந்தவள் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவாள்.

"ஏம்மா, ஹரின்னு ஒருத்தர ஒங்களுக்குத் தெரியுமா?"

வந்தனா அவருடைய புது முகத்தை இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள்.

"ஹரி சார் எங்க ஸ்டாஃப்தானே அங்கிள்? அடுத்த மாசம் அவரை முலுண்ட் பார்க்குக்கு மாத்துறோம். செம்பூர் லேடீஸ்கூட நடக்கிற டூட்டிக்கு இப்ப ஒரு ஆள் வேணும், நீங்க வர்றீங்களா?"