டேப்லெட் ஏற்றுக்கொள்ளாத படம்

பாறசாலை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜெஸ்னாவுக்குப் பெரியப்பா எழுதுவது,

ஆண்டவர் கிருபையால் இங்கே சுகம். என் முழங்கால் மட்டும் தனி வழியில் போகிறது. குளத்தூரில் அம்மா, எபின், ஆடு, அதன் இரண்டு குட்டிகள் எல்லோரும் சுகம்தானே? மற்றவரைப் பற்றி நான் கேட்கவில்லை.

நம் சபைக் குடும்பப் புத்தகத்துக்காக நீ செய்து தந்த ஆப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லாக் குடும்பங்களின் படங்களும் ஞாயிற்றுக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும், செயலாளர் நான். சபையின் டேப்லெட்டோடு முதலில் போனது ரப்பர் பால் வெட்டும் வேதமாணிக்கம் வீட்டுக்கு. அவர் தன் குடும்பப் படத்தை டேப்லெட்டில் ஏற்றித் தந்தார், நான் 'படம் தேர்ந்தெடு' என்பதைத் தொட்டேன், ஆப் மூடிக்கொண்டது. திறந்தேன், தொட்டேன், மூடியது, இப்படிப் பதினோரு முறை. வேதமாணிக்கத்தின் முகம் வெளுத்துவிட்டது, ஏனென்றால் அந்தப் படத்திலிருந்து அண்ணன் ராபின்சனை அவர் வெட்டியிருந்தார். அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் இவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தார்களாம்; ஆறு வருடமாகப் பேச்சில்லை. வெட்டிய அவசரத்தில் அண்ணனின் கை மட்டும் இவர் தோளில் மிச்சமிருந்தது.

"சாறே, அண்ணனை வெட்டுனதை இது கண்டுபிடிச்சுப் போட்டு ஆக்கும்" என்றார்.

"நான் ஆறு வருசமா சொன்னா கேட்டியளா? ஒரு பலகை சொன்ன உடனே கேக்குதியளே!" என்றாள் அவர் மனைவி ரத்னபாய்.

வேதமாணிக்கம் அண்ணன் இருக்கும் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று விளித்தார். ராபின்சன் வந்துவிட்டார், ஜெஸ்னா! சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்! "நான் எங்க நிக்கணும்?" என்று தம்பி தயங்க, "முதல் பந்தியில வந்து நில்லு மக்கா" என்றார் அண்ணன். அதே ஆப்பில் 'புதுப் படம் எடு' என்பதைத் தொட்டேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. வேதமாணிக்கம் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு டேப்லெட்டைக் கும்பிட்டார். மாலைக்குள் செய்தி வெள்ளறடை வரை போய்விட்டது. அதன்பிறகு நான் போகும் வீடுகளில், படத்திலிருந்து வெட்டுப்பட்டவர்கள் எனக்கு முன்பே வந்து தலைசீவிக்கொண்டு நிற்கிறார்கள்.

நேற்று நீ போனில் சொன்ன விளக்கத்தை என் மொழியில் எழுதிப் பார்க்கிறேன். படம் தேர்ந்தெடுக்கும் பெட்டி போனில் திரை முழுக்க வரும், கேமரா டேப்லெட்டிலும் அப்படியே. டேப்லெட்டில் மட்டும் அந்தப் பெட்டி ஏதாவது ஒரு பொத்தானை ஒட்டிச் சின்னதாகத் தோன்ற வேண்டும். எந்தப் பொத்தான் என்று நீ எழுத மறந்துவிட்டாய். ஆப் ஊகிக்காமல் உயிரையே விட்டுவிடுகிறது! என் வகுப்பில் சிபின் என்றொருவன் இருந்தான். 'வெளியே போய் நில்' என்பேன், எங்கே என்று சொல்ல மாட்டேன். நேரே வீட்டுக்குப் போய்விடுவான். முப்பது வருடம் அவனைக் குறும்பன் என்றே நினைத்திருந்தேன். குறை என் வாக்கியத்தில் இருந்திருக்கிறது.

ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும் என்கிறாய். ஒரு வரி இல்லாமல் போனதால் இங்கே எத்தனை வாசல்கள் திறந்தன என்று எண்ணி மலைத்துப் போயிருக்கிறேன். என்றாலும் பிழை பிழைதான். அந்த வரியை இன்றே எழுதி அனுப்பு.

கர்த்தர் உன் கண்களையும் விரல்களையும் காப்பாராக. ஆட்டுக்குட்டிகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
பெரியப்பா சத்தியநேசன்

பி.கு.: அந்த வரியை அனுப்பாதே. திங்கள் வரை பொறு. அது வந்தால் பழைய படங்களெல்லாம் சுலபமாக உள்ளே போய்விடும். இன்னும் ஒரு பக்கம் மீதி இருக்கிறது; அது நம் குடும்பத்துப் பக்கம். என்னிடமுள்ள படத்தில் உன் அப்பாவின் காது மட்டும்தான் மிச்சம். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் டேப்லெட்டோடு வாறேன். தம்பியைச் சவரம் செய்துகொள்ளச் சொல். நான் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவனே சொல்லட்டும்.