ஆரஞ்சுச் சட்டைக்கு ஒரு சாட்சி

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துத் தானப் பெட்டியில் போட்ட சட்டை, செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டு அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சாதாரணச் சட்டையா அது? பளீரென்ற ஆரஞ்சு நிறம், அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூக்கள். அதைப் போட்டுக்கொண்டால் ஏணியே இல்லாமல் ஓரடி உயர்ந்துவிடுவார் மனுஷர். "வேண்டாததைக் கொடுக்கிறது தானமில்ல, ரொம்பப் பிடிச்சதைக் கொடுங்க" என்று போதகர் பிரசங்கம் செய்தபோது, பாழாய்ப்போன மனசுக்கு அந்தச் சட்டைதான் ஞாபகம் வந்தது. அழாத குறையாகக் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்.

"நீ எடுத்துட்டு வந்தியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"அதைப் பார்த்தாலே எனக்குக் கண்ணு கூசுது. வேற வேலை இல்லையா எனக்கு?"

நியாயம்தானே. அடுத்த வாரம் ஒரு பழைய போர்வைக்குள் சுருட்டி, பெட்டியின் அடியில் திணித்தார். போர்வை போய்விட்டது, சட்டை வந்துவிட்டது. மூன்றாம் வாரம் சட்டைக் கைகளை இறுக்கி முடிச்சுப் போட்டுத் தள்ளினார். முடிச்சு அவிழ்ந்து, இஸ்திரி வேறு போட்டுக்கொண்டு வந்து தொங்கியது.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. பகட்டு பாவமோ என்று இத்தனை நாள் பயந்ததெல்லாம் வீண். மயிலுக்கு அத்தனை நிறம் பூசியவர் தனக்கு மட்டும் சாம்பல் நிறமா விதித்திருப்பார்? ஆபிரகாமுக்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவர் தனக்குச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கிறார். ஆக, ஆண்டவருக்கும் தன் ரசனைதான்.

போதகரிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

"சபைக்கு முன்னால சாட்சியா சொல்லுங்களேன்" என்றார் அவர்.

ஞாயிறன்று அதே சட்டையோடு மைக் முன்னால் நின்றார். அவர் சொல்லச் சொல்ல, சபை மூச்சுவிடாமல் கேட்டது. முன்வரிசையில் மனைவி மட்டும் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கர்த்தருக்கே பிடிச்சுப்போச்சு. அதனால நாளைக்கே இதே மாதிரி இன்னும் ரெண்டு எடுக்கப்போறேன்" என்று முடித்தார். சந்தோஷத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

பாட்டுப் புத்தகம் தொப்பென்று கீழே விழுந்தது.

"சட்டை திரும்பி வந்ததைப் பார்த்தவங்க வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார் போதகர்.

பெட்டிச் சாவி வைத்திருக்கும் காவலாளி தலையைச் சொறிந்துகொண்டே எழுந்தார்.

"மூணு தடவையும் அவங்க வீட்டம்மாதான் வந்து வாங்கிட்டுப் போனாங்க ஐயா. 'இது போச்சுன்னா மனுஷன் புதுசா ஒண்ணு எடுத்துடுவாரு, இதுக்காவது கண்ணு பழகிடுச்சு'ன்னு சொன்னாங்க."