கேஸை அடைத்த மாப்பிள்ளை

எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் நான் முதலில் எட்டிப் பார்ப்பது அடுக்களையைத்தான். (தின்னிப்பயல் என்று நினைத்துவிடாதீர்கள். கேஸ் டியூபில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.) சிலிண்டர் கொண்டு போடுவது என் தொழில். பாறசாலையிலிருந்து பெருங்கடவிளை வரைக்கும் எந்த வீட்டுப் பின்வாசலில் எந்த நாய் கடிக்கும் என்பது எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு முறையாகக் கிடைத்த ஒரே படிப்பு, ஏஜென்சியில் ஒரு நாள் நடத்திய பாதுகாப்பு வகுப்பு. சோப்பு நுரை தடவி லீக் பார்ப்பது எப்படி, தீ என்றால் முதலில் எதை அடைப்பது என்றெல்லாம் சொன்னார்கள். மற்றவர்கள் சாயாவும் வடையும் வந்ததும் அதை மறந்துவிட்டார்கள். எனக்கோ அன்று முதல் தூக்கம் போயிற்று.

எங்கள் பக்கத்தில் இதற்கு வெப்ராளம் என்று பேர். ஒன்றும் நடக்காதபோதே எல்லாம் நடந்து முடிந்துவிட்டதுபோல் கிடந்து பதறுவது. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தால் நான் எழுந்து நிற்பேன்.

இப்படிப்பட்ட ஒருவனுக்குப் பெண் கிடைப்பது லேசா? முதலில் பார்க்கப் போன வீட்டில், பெண் சாயாவோடு முன்னறைக்கு வந்தபோது மாப்பிள்ளையைக் காணவில்லை. மாப்பிள்ளை அடுக்களையில் குந்தியிருந்து அவளுடைய அம்மாவிடம், "இந்த டியூபை மாத்தாம நீங்க எப்படி உறங்குதீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. கேஸ் கனெக்‌ஷனையும் வேறு ஏஜென்சிக்கு மாற்றிக்கொண்டார்கள் என்று கேள்வி.

அதற்கப்புறமும் சில வீடுகள். அதையெல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை. கடைசியாக வந்ததுதான் சிந்து. நெய்யாற்றின்கரைக்காரி, தையல் கடை வைத்திருந்தாள். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டில் வந்து பார்க்கிற எல்லா ஆம்பிளைகளும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள், அதனால் ஒன்றும் தெரியவில்லை. வெளியே ஒரு ஓட்டலில் சந்திக்கலாம், ஆள் எப்படி என்று அங்கே தெரிந்துவிடும் என்று. இடத்தையும் அவளே சொன்னாள். நெய்யாற்றின்கரையில் புதிதாகத் திறந்த ஒரு சைனீஸ் ரெஸ்டாரண்ட். மேலே சாப்பாடு, கீழே அதே முதலாளியின் ஐஸ்கிரீம், ஃபலூடா கடை.

சைனீஸ் என்றால் குச்சியால் அல்லவா தின்னவேண்டும்? துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்கில் குச்சி உருவி, அவித்த மரச்சீனிக் கிழங்கைக் கவ்விப் பழகினேன். ஒரு துண்டு மேலே எழும்பி அக்காவின் சாயாவில் விழுந்தது. அம்மா அப்பா இல்லாத வீட்டில் எனக்கு எல்லாமே அக்காதான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எலே, நீ கையால வாரித் தின்னாலும் தின்னு. ஆனா அங்க போயி மூக்கை விடைச்சுக்கிட்டு அடுக்களைப் பக்கம் போவப்பிடாது, கேட்டியா? இந்தப் பிள்ளையும் வேண்டாம்னு சொன்னா, இனி உனக்குப் பெண்ணு கேட்டு ஒரு வாசல் நான் மிதிக்கமாட்டேனாக்கும்."

"போவமாட்டேன் அக்கா."

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தோம். கட்டடத்தின் பின்பக்கம் பைக்கை நிறுத்தும்போதே என் தலைவிதி தெரிந்தது. அங்கே ஒரு இரும்புக் கூட்டுக்குள் பெரிய சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. மேலே அடுக்களைக்குப் பைப் போனது. கூட்டுக்குப் பூட்டு இல்லை, கதவு சும்மா சாத்தியிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக் கிள்ளி மேலே இழுத்துக்கொண்டு போனாள்.

சிந்து தன் அப்பாவோடு வந்திருந்தாள். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டு வலி. ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்ததாகச் சொன்னார். சர்க்கரை வியாதி வேறு. சிந்துவும் அவள் அம்மாவும் அவரை இனிப்பின் நிழலில்கூட நிற்க விடுவதில்லையாம். மெனு கார்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஐஸ்கிரீம் படங்களை, செத்துப்போன சொந்தக்காரர்களின் போட்டோவைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிந்துவே எல்லோருக்கும் ஆர்டர் சொன்னாள். நூடுல்ஸ், ஃபிரைடு ரைஸ், சில்லி சிக்கன். இப்போது வந்துவிடும் என்று சர்வர் சொன்னான். அதை நம்பி அவள் அப்பா, சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற சர்க்கரை மாத்திரையை விழுங்கினார். மத்தியானம் ஒரு பிடி பிடிக்கலாமென்று காலையிலும் அவர் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

மேசையில் முள்கரண்டிதான் வைத்திருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. சிந்து என்னிடம், "சிலிண்டர் சுமக்குதது கஷ்டம் இல்லியா?" என்று கேட்டாள். "பழகிப் போச்சு" என்றேன். அவள் சிரித்தாள். (நான் பேசி ஒரு பெண் சிரித்தது அதுதான் முதல் தடவை.) இனி வாயைத் திறந்து இதைக் கெடுத்துவிடக் கூடாது என்று, கை கழுவ எழுந்தேன். அதுதான் தப்பு.

கை கழுவும் இடம் அடுக்களைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. சத்தியமாக நான் எட்டிப் பார்க்கவில்லை. கதவு தானாகத் திறந்தது. முதலில் கேட்டது சத்தம்: 'ஸ்ஸ்ஸ்ஸ்...' வாழ்க்கையில் நான் பயப்படுகிற ஒரே சத்தம். அப்புறம் புகை. புகைக்குள்ளிருந்து கரிந்த வாசனை. புகை நடுவில் ஒரு சர்வர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக வெளியே வந்துகொண்டிருந்தான்.

பின்பக்கப் படிகளில் நான் இறங்கினேனா, விழுந்தேனா என்று இப்போதும் தெரியாது. கூட்டைத் திறந்தேன். எல்லா வால்வையும் திருகி அடைத்தேன். அது போதாதா? போதாது. வேறு யாராவது விவரமில்லாமல் திறந்துவிட்டால்? அதனால் பைப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இழுத்த இழுப்பில் ஒரு இணைப்புக்குள்ளிருந்த ரப்பர் வாஷர் தெறித்து, உருண்டு, சாக்கடை ஓடைக்குள் விழுந்தது. அதையும் பார்த்தேன். நின்று கவலைப்பட நேரமில்லை.

"கேஸு! எல்லாரும் வெளிய வாருங்கோ! கேஸு!"

அந்தக் குரல் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மொத்த ரெஸ்டாரண்டும் இறங்கி ஓடி வந்தது. சூப்புக் கிண்ணத்தோடு வந்தவர்கள் உண்டு. செருப்பை மாற்றிப் போட்டு வந்தவர்கள் உண்டு. அக்கா வந்தாள். சிந்து கூட்டத்தில் பாதி வழிவரை தள்ளப்பட்டு வந்து, "அப்பா! அப்பா மேல இருக்கு!" என்று கத்தினாள்.

நான் மேலே ஓடினேன். (தைரியம் என்று எழுத ஆசைதான். நிஜத்தில் என் மனதில் ஓடியது, 'மாமனார் செத்தால் கல்யாணம் நடக்காது' என்பதுதான்.) அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேல் படியில் நின்றிருந்தார். பேச நேரமில்லை. குனிந்து, ஒரே தூக்கில் தோளில் போட்டேன். நிறைந்த சிலிண்டரைத் தூக்குகிற அதே தூக்கு. அவர் தலை என் முதுகுப்பக்கம் தொங்கியது.

"எலே! எறக்கி விடுலே! ஆளெறங்கணும், ஆளெறங்கணும்!" என்று கண்டக்டர் பழக்கத்தில் கத்திக்கொண்டே வந்தார். மாடிப் படிகளில் சிலிண்டரை நாங்கள் உருட்டி இறக்குவதும் உண்டு. அன்று அப்படிச் செய்யாத அளவுக்குப் புத்தி இருந்தது. கடவுளுக்கு நன்றி.

கீழே அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம், இப்போது வெடிக்கும் என்று. அப்போது படிகளில் அந்தச் சர்வர் மெதுவாக இறங்கி வந்தான். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவன், நான் கத்தியது அவனுக்குப் புரிந்திருக்காது. கையில் மரப்பலகை, பலகைமேல் கறுத்த இரும்புத் தட்டு, தட்டில் கேக்கும் ஐஸ்கிரீமும். சூடான தட்டில் சாக்லேட் வழிந்து இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

'ஸ்ஸ்ஸ்ஸ்...'

"பர்த்டே டேபிள் எவிடே?" என்று கேட்டான்.

கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பலகாரத்துக்கு சிஸ்லிங் பிரவுனி என்று பேராம். புகைவதற்காகவே காசு வாங்குகிறார்களாம். எனக்கு யார் சொன்னார்கள்? ஓடைக்குள் உருண்டுபோன அந்த வாஷரோடு நானும் போயிருக்கலாம் என்று தோன்றியது.

மேனேஜர் வந்தார். ஞாயிறு மதியம், மேலே எல்லா மேசையும் நிறைந்த நேரம், ஒரு அடுப்பிலும் தீ இல்லை.

"சார், நானே மாட்டித் தாறேன்" என்றேன். "எனக்கு இதாக்கும் தொழில்."

"நீ தொடப்பிடாது!" என்றார். பிறகு தன் ஆளைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னார். அவன் வால்வில் கை வைத்தபோது நான் அழாத குறையாக, "அண்ணே, அதைத் திறக்காதீங்கோ, அதுல வாஷர் இல்ல. நிஜமாவே லீக் ஆவும்" என்றேன்.

"வாஷர் எங்கடே?"

நான் ஓடையைக் காட்டினேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தச் சேலைக்குப் பின்னாலிருந்து, "இனி ஒரு வாசல் மிதிக்கமாட்டேன்" என்று மட்டும் கேட்டது.

ஃபிட்டரை போனில் கூப்பிட்டார்கள். அவர் ஒரு கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்திருந்தாராம். பாயசம் குடிக்காமல் எழும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் சிந்து, "அப்பா?" என்றாள். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கை வெடவெடவென்று நடுங்கியது. மாத்திரை உள்ளே போய்விட்டது, சாப்பாடு வரவில்லை. நான் வரவிடவில்லை. தீ வரும் என்று பயந்தவன், அடுப்புத் தீயை அணைத்து ஒரு மனிதரைக் கொல்லப்போகிறேன்.

"இனிப்பு! யாராவது இனிப்பு குடுங்கோ!" என்று சிந்து கத்தினாள். பிறந்தநாள் கொண்டாட வந்த ஆள் பெரிய மீசை வைத்தவர். சர்வரின் கையிலிருந்த பலகையை அப்படியே வாங்கி நீட்டினார். "குடு மக்கா, எனக்கு அடுத்த வருசமும் பிறந்தநாள் வரும்." நான் பலகையைப் பிடித்துக்கொள்ள, சிந்து ஸ்பூனால் அள்ளி அள்ளி ஊட்டினாள். என் கை அவர் கையைவிட அதிகமாக நடுங்கியதால் ஐஸ்கிரீமில் பாதி என் சட்டையில் வழிந்தது.

கொஞ்சங்கொஞ்சமாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. கண்ணை மூடினார். பயந்துபோய், "மாமா?" என்றேன்.

"மிண்டாத, பேசாத இருடே" என்றார். "இப்பம்தான் உருகுது."

பிரவுனி தீர்ந்தது. "எப்படி இருக்கு அப்பா?" என்று சிந்து கேட்டாள். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். "இன்னும் கொஞ்சம் விறைக்குது, மக்கா. அந்த ஃபலூடா ஒண்ணு சொல்லேன்." ஃபலூடா வந்தது. அது தீர்ந்ததும் கை மறுபடி ஒரு தினுசாக நடுங்கியது. இந்தத் தடவை ஃபலூடா கடையின் பின்வாசலில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, சுகமாக.

"போதும் அப்பா! நடிக்காதீங்க."

"எத்தனை வருசம் ஆச்சு, மக்கா..." என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் கூட்டுக்குப் பக்கத்தில், அடிவாங்கக் காத்திருப்பவன்போல் நின்றேன்.

"எலே, இஞ்ச வா. பஸ்ஸுல நான் எத்தனையோ பேரை ஏத்தி எறக்கியிருக்கேன். என்னை ஒருத்தனும் தூக்கி எறக்கினது இல்ல." பிறகு மகளிடம் திரும்பினார். "நான் டபுள் பெல் குடுத்தாச்சு. வண்டியை எடுக்குததும் எடுக்காததும் உன் இஷ்டம்."

சிந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டை முழுக்கச் சாக்லேட், கை முழுக்க கிரீஸ்.

"வெளிய வச்சுப் பார்த்தா ஆள் எப்படின்னு தெரியும்னு சொன்னேன்" என்றாள். "இவ்வளவு தெரியும்னு நினைக்கல்ல."

இரண்டு நாள் பதிலில்லை. அந்த இரண்டு நாளும் நான் சோறு இறங்காமல் கிடந்தேன். மூன்றாம் நாள் அக்காவுக்குப் போன் வந்தது.

கல்யாணம் நடந்தது. சமையல்காரருக்குக் கதை எட்டியிருந்ததால் பந்தலின் பின்பக்கம் என்னை விடாமல் இருக்க ஆள் போட்டிருந்தார். அந்த ரெஸ்டாரண்டின் கூட்டுக்குப் பூட்டு வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு போர்டும் உண்டு, வெளியாட்கள் தொடக்கூடாது என்று. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்கிறேன், பஸ்ஸில் போனாலும்.

இப்போதும் மாமியார் வெளியூர் போகிற நாளில் மாமனார் எனக்குப் போன் பண்ணுவார். நலம் விசாரிப்பதில்லை. குரலைத் தாழ்த்தி, "மருமகனே, கொஞ்சம் வந்து கேஸை அடைச்சுட்டுப் போயேன்" என்பார். ஒரு கப் ஐஸ்கிரீம் வாங்கி வா என்று அர்த்தம். போன வாரம் கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். சிந்து எடுத்தாள்.

"அப்பா, இஞ்ச கேஸ் எல்லாம் அடைச்சுத்தான் இருக்கு. நீங்க சும்மா கிடங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அது கேட்டதும், தலையில் சோப்பு நுரையோடு வெளியே வந்து அடுக்களைக்குப் போய், ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். அடைத்துத்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டுமென்று, தலையிலிருந்த நுரையில் கொஞ்சம் எடுத்து டியூபிலும் தடவிப் பார்த்தேன்.