படகுக்கு ஜெனரேட்டர் வாங்கியது பற்றி பம்பாய் மச்சானுக்கு

உ

திண்டிவனம்,
27-5-1986

பம்பாய் துறைமுகத்தில் எஞ்சின் ஃபிட்டராக விளங்கும் மதிப்பிற்குரிய மச்சான் பாண்டுரங்கன் அவர்களுக்கு, விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற தங்கள் தங்கை வீட்டுக்காரன் சீனுவாசன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், தங்கள் தங்கை தையல்நாயகி சுகம், ஜெனரேட்டர் பரம சுகம். அங்கே வீட்டில் எல்லோருடைய சுகத்துக்கும், தங்கள் முதுகுவலி எந்த மட்டில் இருக்கிறது என்பதற்கும் பதில் போடவும்.

மச்சான், முக்கியமான சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். தையல்நாயகி பேசிவிட்டாள்! மூன்று மாதம் பத்து நாள் கழித்து என் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து பேசிவிட்டாள்! குயிலாப்பாளையத்தில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்ற அந்தப் பழைய படகை, உள்ளே அறையும் இரண்டு கட்டிலும் அடுப்பும் வைத்த அந்த அருமையான படகை, நான் வாங்கி மரக்காணம் உப்பங்கழியில் கட்டிய நாளிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை என்பது தங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பசுமாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "காபி ஆறுது, வேணும்னா வந்து எடுத்துக்கச் சொல்லு" என்று மாட்டிடம் சொல்வாள். ஒருநாள் அதே மாட்டிடம், "லைட்டு இல்ல, காத்தாடி இல்ல, அது போட்டா கோழிக்கூண்டா? அதுல நான் கால வெப்பனா?" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். லைட்டும் காத்தாடியும் இருந்தால் கால் வைப்பாள் என்றுதானே அர்த்தம்? அன்றைக்கே ஜெனரேட்டர் தேடக் கிளம்பிவிட்டேன்.

தாங்கள் அக்கறையாக எழுதிய கடிதத்தை மடித்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பழைய ஜெனரேட்டர் வாங்கும்போது எடை குறைவா என்று பார், லோடு ஏற்றியபின் புகை கறுக்கிறதா என்று பார், புகை அறைக்குள் தங்காமல் வெளியே போக வழி உண்டா என்று பார் என்று மூன்று விஷயம் எழுதியிருந்தீர்கள். மூன்றையும் பார்த்தேன் மச்சான். பார்த்துவிட்டு வேறொன்றை வாங்கினேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

பம்புசெட் மோட்டார் கட்டும் தேவசகாயத்தைக் கூட்டிக்கொண்டு முதலில் விழுப்புரம் போனேன். ரயில்வே காலனியில் ஒருவரிடம் ஜப்பான் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. தையல் மிஷின் பெட்டி அளவுதான். ஒற்றைக் கையால் தூக்கலாம். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார், முனகிக்கொண்டே ஓடியது. புகையும் இல்லை ஒன்றும் இல்லை. தேவசகாயம் என் காதில், "சார், கண்ண மூடிக்கினு எடுத்துடுங்க. ஒரு லைட்டு, ஒரு ஃபேனு, அந்தப் போட்டுக்கு இதுக்கு மேல என்னா வேணும்?" என்றான். "சத்தமே இல்லையேப்பா" என்றேன். "சத்தம் இல்லன்னாத்தான் சார் நல்ல மிசினு!" என்றான். மச்சான், நீங்களே சொல்லுங்கள். முப்பத்தோரு வருஷம் ரயில் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று காது மந்தமானவன் நான். சத்தம் இல்லாத ஒன்றுக்கு சக்தி இருக்கிறது என்று எப்படி நம்புவது? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் ஒலக்கூர்ப் பக்கம் ரேடியோ செட் வைத்திருக்கும் பெரியதம்பியின் கொட்டகைக்குப் போனோம். ஐயோ மச்சான், அதுவல்லவா ஜெனரேட்டர்! கன்றுக்குட்டி உயரம், கல்யாணத்துக்கு அறுபது ட்யூப்லைட் இழுக்குமாம். பெரியதம்பி ஹேண்டிலைப் போட்டு நாலு சுற்று சுற்றினார். தடதடதடவென்று பிடித்தது பாருங்கள், புளியமரத்தில் ஒரு காக்கை பாக்கி இல்லை, கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சீரியல் பல்பு செட்டைப் போட்டார். ஆளுயர மயில் ஒன்று பகல் வெளிச்சத்திலேயே தோகையை விரித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தேவசகாயம், "புகை கருகருன்னு வருது சார், இத்தினி கனத்த போட்டு தாங்காது சார்" என்று கத்திக்கொண்டிருந்தான். "ரயில் எஞ்சின்ல புகை வெள்ளையாவாடா வந்துது?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன்.

விலை படிந்ததும் பெரியதம்பி ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ எல்லாம் வைத்து நீட்டினார். அவர் பின்னால் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர். "திரௌபதி அம்மன் பாரதத் திருவிழாவுக்கு பதினெட்டு நாளும் இந்த மிசினுதாங்க வெளிச்சம், மைக்கு எல்லாம். எடுத்துக்குங்க சார்" என்றார். ரயில்வேக்காரனுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து, இரண்டு கையாலும் வாங்கி, பழத்தை அங்கேயே உரித்துத் தின்றேன். வழியில் தேவசகாயம் மெதுவாக, "சார், அது கூத்துக்கும் செட்டுக்கும் பேசி முடிக்கிற தாம்பூலம். வாங்கினா ஒத்துக்கினதா அர்த்தம்" என்றான். "சும்மா வாடா, பேஜாரு பண்ணாதே" என்றேன்.

எட்டு பேர் மூங்கில் கட்டி அதைத் தூக்கினார்கள். படகின் வாசலுக்குள் நுழையவில்லை. அதனாலென்ன? கூரையைப் பிரித்து மேலிருந்து இறக்கி, திரும்பவும் கூரையை ஸ்க்ரூ போட்டு, தாரும் பூசிவிட்டோம். படகு இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் ஆறு உப்பு மூட்டை வைத்தேன், நிமிர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. லைட்டும் காத்தாடியும் மாட்டி, புகை வெளியே போக நீளமாகத் தகரக் குழாய் வைத்தேன். தங்கள் பேச்சைத் தட்டவில்லை என்பதைக் கவனிக்கவும்.

மூன்றே நாளில் ஒலக்கூரிலிருந்து டிராக்டரும் நாற்பது ஆட்களும் வந்து கரையில் நின்றார்கள். "கொடியேத்தம் சார், மிசின எறக்குங்க" என்றார்கள். கூரையைப் பிரிக்க இரண்டு நாள் ஆகும் என்றான் தேவசகாயம். பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது என்றார்கள் அவர்கள். நான் வாங்கித் தின்ற வாழைப்பழத்தைப் பற்றி நாலு பெரியவர்களும் சாட்சி சொன்னார்கள். கடைசியில் ஒரு பெரியவர், "மிசின் வரலன்னா போட்டோட வரட்டும், தூக்குங்கடா" என்று முடித்துவிட்டார். தேர் இழுக்கிற ஆட்கள் மச்சான்! வடமும் முட்டுக்கட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். கோவிந்தா போட்டு ஒரு மணி நேரத்தில் படகை டிரெயிலரில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம் மேலே ஏறி சுக்கானைப் பிடித்தேன், வீரம் வந்துவிட்டது. வழியில் பிரம்மதேசத்தில் பஸ்ஸை நிறுத்தி ஜனங்கள் இறங்கிப் பார்த்தார்கள். திண்டிவனம் ரயில்வே கேட்டில் என் பழைய சிநேகிதர் பச்சைக்கொடி காட்டினார். அந்த சந்தோஷம் என் ரிட்டயர்மென்ட் மாலையில்கூட இல்லை.

இப்போது படகு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கிய வயலில், பாரதப் பந்தலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மூன்றாம் நாள் மத்தியானம் பாரதப் பிரசங்கம். தகரக் குழாய் பந்தலைப் பார்த்திருந்ததால், பிரசங்கியார் அரக்கு மாளிகை தீப்பிடித்த இடத்தில் நிஜமாகவே இருமினார். ஜனங்கள் உருகிப்போனார்கள். வெயிலோ கொளுத்துகிறது. தையல்நாயகி முந்தானையால் விசிறிக்கொண்டு பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். படகின் ஜன்னல் வழியாகக் காத்தாடி சுற்றுவதைப் பார்த்தாள். எழுந்தாள். ஏணியில் ஏறினாள். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, மாட்டிடம் இல்லை, சுவரிடம் இல்லை, என்னைப் பார்த்து, "ஏங்க, அந்தக் காத்தாடிய கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க" என்றாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். புகையினால் அல்ல.

அதிலிருந்து தினமும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்து படகிலேயே எனக்குப் பரிமாறுகிறாள். பதினெட்டாம் நாள் தீமிதி முடிந்ததும் படகு மறுபடி தண்ணீருக்குப் போகும். ஆடியில் தாங்கள் குடும்பத்தோடு லீவு போட்டு வந்தே ஆகவேண்டும். கழியைத் தாண்டிக் கடலுக்கே போகிறோம், தங்கள் தங்கையும் கட்டாயம் வருவாள். தங்கள் பிள்ளைகள் பரீட்சையில் தேறி, வீடு நிறைந்து, முதுகு நிமிர்ந்து வாழ அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கவரை ஒட்டித் தபாலில் போடுகிறேன் என்று தையல்நாயகியே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். பார்த்தீர்களா மாற்றத்தை!

இப்படிக்குத் தங்கள் அன்புள்ள,
வி. சீனுவாசன்
(பார்சல் கிளார்க், ஓய்வு)

பி.கு.: அண்ணனுக்கு தையல்நாயகி எழுதறது. கவர ஒட்றதுக்கு முந்தி படிச்சிட்டேன். நீங்க ஆடியில வாங்க, ஆனா கடலுக்குன்னு வராதீங்க. டிராக்டர்ல ஏத்தும்போதே போட்டுக்கு அடிப்பலக ரெண்டு பொளந்துபோச்சாம். தேவசகாயம் என்கிட்ட வந்து சொன்னான், இவருகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினேன். அது அங்கியே இருக்கட்டும்னு ஊர்ப் பெரியவங்ககிட்டயும் பேசிட்டேன். மூணு மாசம் நான் பேசாம இருந்தது கோவத்துல இல்லண்ணா, பயத்துல. இவருக்கு நீச்சல் தெரியாது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருசமா கெணத்துல எட்டிப் பார்த்தாகூட நான்தான் சட்டயப் புடிச்சிக்கினு நிப்பேன். இப்ப தெனம் சாயந்திரம் மேல ஏறி நின்னுக்கினு அந்த வயக்காட்டுல சுக்கானத் திருப்பறாரு. திருப்பட்டும். நான் கீழ காத்தாடியில நிம்மதியா உக்காந்திருக்கேன்.