இருட்டுக் கரண்டும் ஈசல் விருந்தும்

மின்சாரத்தைத் தொழிலாகவும் வெளிச்சத்தை விரோதியாகவும் கொண்ட ஒரே மனிதர் இந்தப் பூமியில் கொல்லிமலையில்தான் இருக்கிறார். வாசலூர்பட்டிப் பக்கம் போய் 'இருட்டுக் கரண்டு' என்று கேளுங்கள், வீடு வரை கொண்டுபோய் விடுவார்கள். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

மலையில் மூன்று வருடம் அரசு ஆஸ்பத்திரி மருந்தாளுநராக இருந்தேன். வந்த முதல் வாரமே, வாடகை வீட்டு வாசலுக்கு ஒரு பல்பு போட அவரைக் கூப்பிட்டேன்.

"எதுக்குங்க சார் வெளிச்சம்?"

"இருட்டா இருக்கே."

"ராத்திரின்னா இருட்டாத்தானுங்க இருக்கும்."

அரை மணி நேரம் வாதாடிய பிறகு மாட்டினார். மாட்டிவிட்டு, எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த தொப்பி ஒன்றை அதன் தலையில் கவிழ்த்தார். வெளிச்சம் என் செருப்புக்கு மட்டும் கிடைத்தது.

"காலுக்குத்தானுங்க வெளிச்சம் வேணும். வானத்துக்கு எதுக்கு? அங்க ஏற்கெனவே போட்டிருக்குதுங்க."

ஊரில் எல்லா பல்புக்கும் இதே தொப்பிதான். கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் போட்டால், பூசை முடிந்த கையோடு ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வார். பூசாரி சண்டைக்கு வந்தால், "சாமியும் தூங்கட்டுமுங்க" என்பார்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில்தான் அந்த விடுதி வந்தது. மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த முதலாளி ஒருவர், ஊரே குடித்து வயலுக்கும் பாய்ச்சும் ஊற்றுக்கு மேலே இருந்த மேட்டை விடுதி கட்ட வாங்கினார். ஊற்றிலிருந்து நீச்சல் குளத்துக்குக் குழாய், மேட்டைச் சுற்றி ராட்சச ஃபோகஸ் விளக்குகள் என்று திட்டம். விளக்கு வேலையை யார் எடுத்தார் தெரியுமா? சாட்சாத் இருட்டுக் கரண்டு!

ஊர் கொதித்தது. டீக்கடையில் அவரோடு யாரும் பேசவில்லை. அவர் மனைவி மூன்று நாள் சோறு மட்டும் போட்டார், குழம்பு ஊற்றவில்லை.

"நீங்களேவா?" என்றேன், பொறுக்க முடியாமல்.

"நாஞ் செய்யலைன்னா சேலத்துலிருந்து ஆள் வருமுங்க. அந்த ஆளுக்கு எந்த சுவிட்சை எங்க வெக்கணும்னு தெரியுமா?" என்றார். அவர் கண்ணில் தூக்கமில்லை.

தலைவலி மாத்திரைக்கு வந்த முதலாளியிடம் என் எதிரிலேயே எச்சரித்தார். "ஏனுங்க, மொத மழை பேஞ்ச மறுநாள் மட்டும் வெளக்குப் போடாதீங்க. ஈசல் வருமுங்க."

"நாலு பூச்சி வந்தா என்னய்யா?"

"நாலு வராதுங்க."

முதலாளி திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார். சரியாக அதற்கு முந்தின நாள், அந்த வருடத்தின் முதல் மழை கொட்டியது.

எனக்கும் அழைப்பு இருந்தது. பொழுது சாய்ந்ததும் புல்வெளியில் பிரியாணி, பாயசம் எல்லாம் வரிசையாகத் திறந்து வைத்தார்கள். விளக்குகள் எரிந்தன. மலையே கல்யாண மண்டபம் போல ஜொலித்தது, பத்தே நிமிடம். பிறகு கொல்லிமலையில் உள்ள அத்தனை ஈசலும் குடும்பத்தோடு வந்து இறங்கின. பிரியாணி எது, ஈசல் எது என்று தெரியவில்லை. நான் "ஐயோ" என்று வாயைத் திறந்தேன், இரண்டு உள்ளே போயின.

விருந்தினர்கள் ஓட, ஊர்ப் பெண்கள் முறமும் வாளியுமாக உள்ளே வந்தார்கள். ஈசல் வறுவல் என்றால் அங்கே உயிர். ஒரு அம்மா வாளியை நிரப்பிக்கொண்டே முதலாளியிடம் வாஞ்சையாகக் கேட்டார்: "தெனமும் போடுவீங்களா சாமி?"

"அணைய்யா! எல்லாத்தையும் அணை!" என்று அலறினார் முதலாளி.

"ஒரே சுவிட்சுதானுங்க. அவசரத்துக்கு ஆகும்னு வெச்சேன்" என்றார் ஓரமாக நின்றிருந்த இருட்டுக் கரண்டு. டக்.

கும்மிருட்டு. ஈசல் அடங்கியது, கூச்சலும் அடங்கியது. விருந்தினர்களில் ஒரு பெண், "மேலே பாருங்களேன்" என்றார். மழை கழுவிவிட்ட வானத்தில் நட்சத்திரங்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. ஒருவர் பின் ஒருவராக நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டார்கள். "இதுக்காகவே இன்னொரு நாள் தங்கலாமா?" என்றார் ஒருவர்.

மறுநாள் முதலாளியே இருட்டுக் கரண்டின் வீடு தேடி வந்தார். இன்று அந்த விடுதி விளக்குகளுக்கும் தொப்பி உண்டு. ஊற்று விஷயத்தில் முதலாளி கொஞ்சம் முரண்டு பிடித்தார். கிராம சபையில் இருட்டுக் கரண்டு எழுந்து, "ஊத்துல கை வெக்காதீங்க" என்றார். முந்தின வாரம் வரை பேசாதிருந்த ஊரே அவர் பின்னால் எழுந்து நின்றது. குழாய் வரவில்லை. குளத்துக்குத் தோண்டிய குழியில் இப்போது மழைத் தண்ணீரும் தவளைகளும்.

எனக்கு மாற்றல் வந்து கிளம்பிய அன்று நாமக்கல் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் இருட்டுக் கரண்டு வந்து உட்கார்ந்தார். பஸ் என்றாலே வாந்தி எடுப்பவர், மலையை விட்டு இறங்கவே பயப்படுபவர்.

"எங்க?"

"சும்மா, காரவள்ளி வரைக்கும் வாரேனுங்க."

மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே வந்தார். அடிவாரத்துக் காரவள்ளியில் நானும் இறங்கி, சோடா வாங்கிக் கொடுத்து, அடுத்து மலை ஏறும் பஸ்ஸில் உட்கார வைத்தேன். அது முதல் வளைவில் திரும்பி மறையும் வரை நின்றேன். அதற்குள் நான் வந்த நாமக்கல் பஸ் போய்விட்டிருந்தது. போகட்டும் என்றிருந்தது.