ஆறாம் மாடியும் ஆழ்குழாய்க் கிணற்றுக் குழுவும்

போட்டாதாங், ரங்கூன்

அன்புள்ள தம்பி சைமனுக்கு,

அக்கா செசிலியா எழுதுவது. ஆண்டவர் அருளால் நீயும் அஞ்சலியும் குறைவின்றி இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் எனக்கென்று ஓர் அறைக்கு வெள்ளையடித்து, பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். இனி மறுப்பில்லை, வருகிறேன். எழுபத்தொன்பது வயதில், ஆறாம் மாடியில், வராத தண்ணீருக்குக் குழாயடியில் காவல் இருந்தது போதும்.

எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் கிணறும் மோட்டாரும் பொது. அவற்றை நடத்தும் குழுவில் ஐந்து பேர், ஐவரும் கீழ் மாடிக்காரர்கள். கரண்ட் வரும் இரண்டு மணி நேரத்தில் தங்கள் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். ஆகவே முறையான தேர்தல் வேண்டுமென்றேன். விதிகளையும் நானே எழுதினேன். கீழே டயர்க் கடை வைத்திருக்கும் நசீர், "கையைத் தூக்கினா முடிஞ்சுது அன்ட்டி, எதுக்கு இந்தச் சீட்டெல்லாம்?" என்றான். "கை தூக்குவது பஸ்ஸை நிறுத்துவதற்கு" என்றேன்.

மாடி ஏற யாருக்கும் தெம்பில்லை. அதனால் சாமான் வாங்கப் பால்கனியிலிருந்து தொங்கவிடும் கயிற்றின் கிளிப்பிலேயே ஓட்டுச் சீட்டையும் மாட்டி இறக்கச் சொன்னேன். நசீர் ஓட்டுப் பெட்டியோடு வருவதற்குள், மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் அம்மாள் வந்துவிட்டாள். கயிற்றில் சீட்டு தொங்கினால் அவளுக்கு அது ஆர்டர். ஐந்து பெயருக்குக் குறி போட்ட வீட்டுக்கு ஐந்து பொட்டலம் மேலே ஏறியது. சீட்டுகள் அவளுடைய அடுப்பில் எரிந்தன. மறுபடி ஓட்டுப் போடச் சொன்னால், மூன்றாம் மாடிப் புஷ்பலதா, "ஓட்டுப் போட்டுச் சாப்பிட்டும் முடிச்சிட்டோமே அன்ட்டி!" என்கிறாள். போட்டியிட்ட ஆறு பேரில் அவளும் ஒருத்தி; உண்ட களைப்பில் போட்டியிலிருந்தும் விலகிவிட்டாள். மீதி நின்றது நானும், நசீரையும் சேர்த்து நான்கு கீழ் மாடிக்காரர்களும். ஐந்து இடத்துக்கு ஐந்து பேர் நின்றால் தேர்தலே வேண்டாம் என்பது நான் எழுதிய மூன்றாம் விதி.

முதல் கூட்டத்தில் வேறு யாரும் ஒப்பாததால் நசீர் தலைவர். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று என்னைச் செயலாளராக்கினார்கள். நான் ஊருக்குப் போவதைச் சொன்னேன். "போய்ட்டு வாங்க. இடம் காலியானா மீதிப் பேரே ஆள் போட்டுக்கலாம்னு நீங்கதானே எழுதிருக்கீங்க? என் மச்சான் சும்மாத்தான் இருக்கான்" என்றான் நசீர். எப்படியோ போகட்டும் என்று வந்துவிட்டேன்.

எல்லாரும் ஒரே நாளில் பதவி விலகக்கூடாதென்று, மூவருக்கு இரண்டு ஆண்டு, இருவருக்கு நான்கு ஆண்டு என இன்று மாலை சீட்டுக் குலுக்குகிறார்கள். எந்தச் சீட்டு வந்தால் எனக்கென்ன? ராஜினாமாவை எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர். நான் காலை ஐந்தரைக்குக் குளிப்பேன் என்று அஞ்சலியிடம் சொல்லிவை.

களைப்புடன்,
உன் அக்கா
செசிலியா

பி.கு.: எனக்கு நான்கு ஆண்டுச் சீட்டு விழுந்தது. நசீரின் மச்சான் அதற்குள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான். அவனும் கீழ் மாடிதான். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். டிக்கெட்டை ரத்து செய். அறையை வாடகைக்கு விடு. ஆனால் நான்கு ஆண்டுக்கு மேல் யாருக்கும் எழுதிக் கொடுக்காதே.